பயாஜியில் திரும்பி மோல்மேன் வரை: ரோடு இப்போது எப்படி இருக்கிறது?

பெகு_பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது பர்மாவில் பெகு ஊரில். தீபாவளி முடிந்த கையோடு மோல்மேனில் எங்கள் சின்னம்மா பேத்திக்குக் கல்யாணம். அம்மாவுக்கு 74 வயது, இடுப்பு எலும்பில் தேய்மானம், உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரயில் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார், போன தடவை பெஞ்சிலிருந்து ஒரு சாண் எழும்பி எழும்பி உட்கார்ந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மச்சானின் புரோபாக்ஸ் கார் இருக்கிறது, நான்தான் ஓட்ட வேண்டும். நான் கடைசியாக அந்தப் பக்கம் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள், பஞ்சு மாதிரி இருக்கிறது என்று ஒருத்தர் சொல்கிறார், போகாதே என்று இன்னொருத்தர் சொல்கிறார். அடிக்கடி போகிறவர்கள் எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே மோசம் என்று இடம் சொல்லிச் சொல்ல முடியுமா? எங்கே நிறுத்தினால் அம்மாவுக்கு வசதியாக இருக்கும் என்பதும் தெரிந்தால் நல்லது.

லாரிக்கார_மாமா:
தம்பி, இருபது வருஷமாக இதே ரோட்டில் லோடு அடிக்கிறேன், நான் சொல்கிறேன் கேள்.

பெகுவிலிருந்து பயாஜி வரை பத்து மைல் பழைய மண்டலே ரோடு, அதில் பேச ஒன்றும் இல்லை. பயாஜி முக்கில் நேரே போனால் தௌங்கூ, வலது கை திரும்பினால் நம் ரோடு. அங்கிருந்து வா ஊர் தாண்டி சித்தாங் ஆறு வரை இரண்டு பக்கமும் வயல்தான். ரோடு வயலைவிட மேடாக, கயிறு பிடித்த மாதிரி நேராகப் போகும். பார்த்தால் ஆசையாக இருக்கும், மிதிக்கத் தோன்றும். மிதிக்காதே. அங்கே குழி கிடையாது, அலை. 30 மைல் வேகத்தில் தொட்டில் மாதிரி இருக்கிற அதே ரோடு 50 மைலில் போனால் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். அம்மா இடுப்புக்கு ஆகாத இடம் என்றால் முதலில் இதுதான்.

சித்தாங் பாலம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு தட்டு விழும். பாலத்தில் இல்லை, பாலமும் ரோடும் ஒட்டுகிற இடத்தில். நடந்து போகிற வேகத்துக்கு இறக்கிவிட்டு ஏற்று. இந்த ரோட்டில் சின்னதும் பெரியதுமாகப் பாலம் நிறைய, ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே கதைதான்.

மொப்பாலின் தாண்டினால் மண்ணே மாறிவிடும், சிவப்பு மண், இடது கைப் பக்கம் மலை கூடவே வரும். சைத்தோ வரை சுமார். சைத்தோவில் பொன் பாறைக் கோயிலுக்குப் போகிற கூட்டம் கின்பூன் பக்கம் திரும்பும், அந்த முக்கில் லைன் கார் (ஆள் ஏற்றுகிற சின்ன லாரி), மோட்டார் சைக்கிள், காணிக்கை கேட்டு வெள்ளிக் கிண்ணத்தைக் குலுக்குகிற பெண்பிள்ளைகள், ஒலிபெருக்கி எல்லாம் நடு ரோட்டில் இருக்கும், பார்த்துப் போ. பிலினிலிருந்து தட்டோன் வரை ரப்பர் தோட்டம், நிழல், என் கணக்கில் அதுதான் நல்ல துண்டு. தட்டோன் தாண்டி பௌங், அப்புறம் மொட்டமா, சால்வீன் ஆற்றுப் பாலம், இறங்கினால் மோல்மேன். பெகுவிலிருந்து கணக்குப் போட்டால் 140 மைல் வரும்.

விடியற்காலையில் கிளம்பு, வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்துவிடு. செக்போஸ்ட்டில் நிற்கிற நேரத்தையும் கணக்கில் வை, அது உன் கையிலும் இல்லை என் கையிலும் இல்லை. எல்லோருடைய அடையாள அட்டையும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

மோல்மேன்_மருமகள்:
மாமா சொன்னது சரி, ஆனால் கழிப்பறையைச் சொல்லாமல் விட்டுவிட்டார், ஆண்கள் யாருமே அதைச் சொல்ல மாட்டீர்கள். தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் சைத்தோவில் எக்ஸ்பிரஸ் பஸ்கள் நிற்கிற பெரிய சாப்பாட்டுக் கடைகளில் நிறுத்துங்கள். அங்கே உட்கார்ந்து போகிற கழிப்பறை இருக்கிறது, கைப்பிடி இருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துவிட்டு அம்மாவை அனுப்புங்கள். வழியில் இருக்கிற சின்ன டீக்கடைகளில் எல்லாம் குந்துகிற வகைதான்.

நான் பெகுவில் பிறந்து மோல்மேனில் வாழ்க்கைப்பட்டவள், வருஷத்துக்கு நாலு தடவையாவது இந்த ரோட்டில்தான் கிடக்கிறேன். என் கல்யாணத்தின் போது இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும், யார் இறங்குவது என்று ஒரு போட்டியே நடக்கும். இப்போது இரண்டும் தாராளமாகப் போகின்றன. அதனால் ரோடு மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். பழையதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தட்டோன்_தமிழன்:
அக்கா, அகலம் ஆனது வாஸ்தவம்தான். எவ்வளவு உயரம் ஆனது என்று யாராவது கேட்டீர்களா?

எங்கள் தாத்தா வீடு தட்டோனுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டு மேலேயே இருக்கிறது. தாத்தா கட்டும்போது ரோட்டிலிருந்து வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும், மழைத் தண்ணீர் வராமலிருக்க வேண்டுமென்றே அப்படிக் கட்டினார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு படிதான் மிச்சம். அப்புறம் ஒரு தடவை ஜல்லி கொட்டித் தார் போட்டார்கள், வாசலும் ரோடும் சமமானது. கடைசியாக அகலப்படுத்தியபோது இன்னும் ஏற்றினார்கள். இப்போது ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு படி இறங்கிப் போகிறோம். அந்த இரண்டு படியையும் நாங்கள்தான் சிமெண்ட் வாங்கிக் கட்டினோம். ஆடி ஆவணி மழையில் ரோட்டில் விழுகிற தண்ணீர் முழுக்க எங்கள் வாசலுக்கு வருகிறது. வாசல்படிக்குக் குறுக்கே பலகை வைத்து, பலகை இடுக்கில் களிமண் அப்பி, உள்ளே ஒருத்தர் தகர டப்பாவோடு உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அதுதான் மழைக்கால உத்தியோகம்.

பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்களேன் என்று வேலைக்கு வந்தவர்களிடம் கேட்டேன். சிரித்தார்கள். சுரண்டுகிற மெஷின் எங்கே இருக்கிறது, இருக்கிறதே ஒரு ரோலர்.

பெகு_பேரன்:
ஐயோ. நான் எங்கே நிறுத்தலாம் என்று கேட்டேன், இங்கே பெரிய கதையாகப் போகிறது. போகட்டும், எழுதுங்கள், படிக்க நன்றாக இருக்கிறது.

ரோட்டு_எஞ்சினியர்:
நான் பிறந்தது தட்டோன் பக்கம்தான், இப்போது சிங்கப்பூரில் சாலை வேலை. மாமா சொன்ன அலை, பாலத்துத் தட்டு, தட்டோன் தம்பி சொன்ன படி, மூன்றும் ஒரே இடத்தில் போய் முடிகிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பயாஜிக்கும் சித்தாங்குக்கும் நடுவில் இருப்பது ஆறு கொண்டுவந்து போட்ட களிமண். மழையில் ஊறினால் உப்பும், சித்திரை வெயிலில் வெடிக்கும். வெடித்த வயலில் கை விட்டால் முழங்கை வரை போகுமே, அதே மண்தான் ரோட்டுக்கும் அடியில் இருக்கிறது. ஓரிடத்தில் அதிகமாக அமுங்கும், பக்கத்தில் குறைவாக அமுங்கும். மேலே எத்தனை தடவை தார் போட்டாலும் அடி மண்ணின் வடிவம் மேலே வந்துவிடும். அதுதான் மாமா சொல்கிற அலை. பாலம் வேறு ஜாதி, அதைக் கெட்டி மண்ணில் இறக்கிய தூண் தாங்குகிறது, அது அமுங்காது. பாலத்துக்கு ஏறுகிற மண்மேடு மட்டும் வருஷா வருஷம் அமுங்கிக்கொண்டே போகும். பாலம் நின்ற இடத்திலேயே நிற்க, ரோடு கீழே போக, நடுவில் ஒரு படி உண்டாகிறது.

அப்புறம் போடுகிற முறை. நம் ஊரில் பெரும்பாலும் எப்படிப் போடுகிறார்கள் என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெண்கள் தலையில் கூடை வைத்துக் கல் கொண்டுவருவார்கள், பெரிய கல்லைக் கையால் நிறுத்தி நிறுத்தி அடுக்குவார்கள், இடுக்கில் சின்னக் கல், ஓரத்தில் விறகு எரித்து டிரம்மில் தார் காய்ச்சி, ஓட்டை போட்ட வாளியில் எடுத்து ஊற்றி, மேலே பொடி ஜல்லி தூவி ரோலர் விடுவார்கள். என் சொந்த அத்தையே தனகா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசிய முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இந்த வேலைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வந்தால் செருப்பு அடியில் தார் ஒட்டி ஒரு விரல் உயரம் கூடியிருக்கும். இந்த முறையைக் குறை சொல்ல மாட்டேன், மெஷின் இல்லாத ஊரில் இதுதான் முடியும், ஒழுங்காகச் செய்தால் நிற்கவும் நிற்கும். ஆனால் தார் ஊற்றிய கல்லுக்கு நடுவில் சந்து இருக்கும், தண்ணீர் இறங்கும். மோல்மேனில் வருஷத்துக்கு ஏறக்குறைய 4,800 மில்லிமீட்டர் மழை, சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்குக்கு மேல், அதுவும் பெரும்பகுதி வைகாசிக்கும் புரட்டாசிக்கும் நடுவில் கொட்டித் தீர்த்துவிடும். தண்ணீர் ஓட வாய்க்காலும் சிறுபாலமும் இல்லையென்றால் எந்தத் தாரும் நிற்காது.

ரோட்டை உயர்த்துவதும் அதனால்தான். உயர்த்தினால் ரோடு காயும். ஆனால் இந்தப் பக்கத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் போகக் கீழே வழி விட வேண்டும், அதை விடவில்லையென்றால் ரோடே அணைக்கட்டு ஆகிவிடும். தம்பி வீட்டு வாசலில் நடப்பது அதுதான். அகலப்படுத்துகிறபோது பழைய சிறுபாலத்தையும் இரண்டு பக்கமும் நீட்ட வேண்டும். பல இடத்தில் நீட்டாமல், வாயை மூடி மண்ணைப் போட்டு அகலப்படுத்தியிருக்கிறார்கள், நானே இறங்கிப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக லோடு. ஒரு அச்சின் மேல் இருக்கிற எடை இரட்டிப்பானால் ரோட்டுக்கு ஆகிற சேதம் இரட்டிப்பு இல்லை, சுமார் பதினாறு மடங்கு. தாய்லாந்து எல்லையில் இருக்கிற மியாவதியிலிருந்து, அந்த வழி திறந்திருக்கும்போது, தாய்லாந்துச் சரக்கோடு வருகிற 18 சக்கர வண்டிகள் எல்லாம் ரங்கூன் போக இந்த ரோட்டில்தான் வருகின்றன. ஆயிரம் புரோபாக்ஸ் போனாலும் ரோட்டுக்குத் தெரியாது.

லாரிக்கார_மாமா:
எஞ்சினியர் தம்பி, கணக்கெல்லாம் சரி. கடைசியில் பழியை லாரிக்காரன் தலையில் இறக்கிவிட்டாய், அதுவும் வழக்கம்தான்.

அதிக லோடு ஏற்றினால்தான் வாடகை கட்டுப்படியாகிறது. டீசல் விலை தெரியுமா? ரோட்டுச் சுங்கம் வசூலிக்கிற கேட்டுக்குக் கேட் பணம் கட்டுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ரோட்டைத் தனியாரிடம் கொடுத்து, நீயே போடு, நீயே வசூல் பண்ணிக்கொள் என்று விட்டார்கள். அன்றையிலிருந்து கட்டுகிறேன். அந்தப் பணத்தில் எவ்வளவு ரோட்டுக்குப் போனது என்று நீ ஒரு கணக்குப் போட்டுச் சொல்லேன். ஒரு கேட்டில் சில்லறை இல்லை என்று மிச்சத்துக்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்கள், என் வண்டியில் ஒரு டப்பா நிறைய மிட்டாய் இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்குப் பல் போனதுதான் மிச்சம்.

அகலம் போதுமா என்று யாரும் கேட்கவில்லை. 1970 டிசம்பரில் ஒரே நாளில் இடது பக்கம் ஓட்டின நாட்டை வலது பக்கம் ஓட்டு என்றார்கள். ரோடு மாறியது, வண்டி மாறவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி எல்லாம் வலது கை ஸ்டியரிங். வலது பக்கம் ஓட்டிக்கொண்டு, வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு, முன்னால் போகிற பெரிய வண்டியை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? இடது பக்கம் உட்கார்ந்திருக்கிற ஸ்பேர் பையன் (லாரி உதவியாள்) தலையை வெளியே நீட்டி, வா வா, நில் நில் என்று சொன்னால்தான் உண்டு. என் உயிர் இருபது வருஷமாக வெற்றிலை மெல்லுகிற பதினெட்டு வயசுப் பையன்கள் கையில் இருக்கிறது. பெகுத் தம்பி, உன் புரோபாக்ஸும் வலது கைதானே? இடது பக்கம் விவரமான ஆளை உட்கார வை. அம்மாவை அங்கே உட்கார வைக்காதே.

ரோட்டு_எஞ்சினியர்:
மாமா கோபிக்கக் கூடாது, லாரிக்காரர்களைச் சொல்லவில்லை, எடை மேடை வைத்துப் பிடிக்க வேண்டியவர்களைச் சொன்னேன். மிட்டாய் விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.

மோல்மேன்_மருமகள்:
முந்துகிற விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி சொல்ல ஆரம்பித்துவிடுவேன், ஆறு மணி நேரத்தில் எத்தனை முறை என்று கணக்கில்லை.

பழைய_வாத்தியார்:
இளைஞர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு 81 வயது, பேரன்தான் தட்டச்சு செய்கிறான், பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

சித்தாங் பாலத்தைத் தட்டு விழுகிற இடம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். 1942இல் ஜனவரி 31ஆம் தேதி ஜப்பான்காரன் மோல்மேனைப் பிடித்தான். மூன்று வாரம் கழித்து சித்தாங்கை நெருங்கிவிட்டான். அப்போது இருந்தது ரயில் பாலம், அதன் மேல் பலகை போட்டு ராணுவ வண்டிகளை ஓட்டினார்கள். ஒரு லாரி பலகையை விட்டு இறங்கி மாட்டிக்கொண்டதில் பல மணி நேரம் எல்லாம் நின்றுவிட்டது. பிப்ரவரி 23 விடியற்காலை பாலத்தை பிரிட்டிஷ்காரனே வெடி வைத்துத் தகர்த்தான், அவனுடைய இரண்டு பிரிகேடுகள் இன்னும் கிழக்குக் கரையில் இருக்கும்போதே. 17ஆவது இந்தியப் படைப்பிரிவு. துப்பாக்கியைப் போட்டுவிட்டு நீந்தினவர்கள் பிழைத்தார்கள். எங்கள் அப்பா அப்போது பிலின் பக்கம் அறுவடை வேலைக்குப் போயிருந்தவர், ஆற்றின் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டார், பெகுவில் இருந்த எங்கள் அம்மாவை மறுபடி பார்க்க நாலு மாதம் ஆனது. அம்மா தாலியைக் கழற்றவில்லை என்பதைப் பிற்காலத்தில் வீட்டில் ஒரு பெரிய வீரச்செயலாகச் சொல்வார்கள்.

போருக்குப் பிறகு வந்த பாலத்தில் ரயிலும் வண்டியும் ஒன்றாகப் போயின, ரயில் வருகிறதென்றால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வண்டிகளுக்கென்று மொப்பாலினில் இப்போதிருக்கிற பாலம் வந்தது 2008இல்.

மொட்டமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலம் 2005 பிப்ரவரியில் திறந்தது. அதுவரை ரோடும் ரயிலும் மொட்டமாவில் முடிந்துவிடும். அங்கே இறங்கி மூட்டை முடிச்சோடு பெரி என்கிற படகைப் பிடித்து சால்வீனைத் தாண்ட வேண்டும். பெரியில் வேகவைத்த வேர்க்கடலை, அவித்த காடை முட்டை, கரும்புச் சாறு, தண்ணீர் அலம்புகிற சத்தம், டீசல் புகை. கல்யாண வீட்டு ஆள்கள் சீர்த்தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மூன்றரைக் கிலோமீட்டர் பாலத்தை இப்போது ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறீர்கள். ஒரு வார்த்தை சொல்கிறேன், பெரியை நினைத்து உருகுகிறவர்கள் யாரும் ஆடி மாதத்தில் அதில் ஏறினவர்களாக இருக்க மாட்டார்கள். எனக்குப் பாலம்தான் பிடிக்கும்.

தட்டோன்_தமிழன்:
ஐயா, நீங்கள் எழுதினதைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த ரோடு மோல்மேனோடு முடியவில்லை, தன்பியூசயா வரை போகிறது என்பதையும் எழுதச் சொல் என்றார்.

பழைய_வாத்தியார்:
உன் பெரியப்பா சொல்வது சரி. மோல்மேனிலிருந்து தெற்கே முடோன் தாண்டி தன்பியூசயா. ஜப்பான்காரன் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் வந்து சேர்ந்த இடம், 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தான். அங்கே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, புல்லை வெட்டி, கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்து வைத்திருக்கிறார்கள். மூவாயிரத்துக்கு மேல் கல்லறை, பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் டச்சுக்காரர்களுமாகத்தான் இருக்கும். மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்த வேலைக்குக் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள், அவர்களில் ஒருத்தருக்கும் அங்கே கல் கிடையாது. கல்யாணம் முடிந்து மறுநாள் நேரம் இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வா பெகுத் தம்பி. பூ வாங்கிக்கொண்டு போ. எங்கே வைப்பது என்று கேட்காதே, எங்கே வேண்டுமானாலும் வை.

ரப்பர்_தோட்டம்:
பௌங் பக்கத்து ஆள் நான். 2019 ஆகஸ்ட் 9 வெள்ளிக்கிழமை காலை மலை சரிந்ததே, அதை யாரும் சொல்லவில்லை. மலாட் மலையின் ஒரு பக்கம் அப்படியே வந்து தெப்யூகோன் கிராமத்தின் மேலும் இந்த ரோட்டின் மேலும் உட்கார்ந்தது. 70 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பஸ்ஸெல்லாம் நின்ற இடத்தில் நின்றது, ரோடு இருந்த இடமே தெரியவில்லை. முழங்கால் சேற்றில் நாங்களும் மண்வெட்டியோடு போனோம், பெரிய மெஷின்கள் வரும்வரை கையால்தான். ஒரு வீட்டுக் கூரைத் தகரம் மட்டும் மேலே தெரிந்தது, அதைத் தூக்கிப் பார்க்க இரண்டு பேர் பயந்தோம். மழைக்காலத்தில் அந்த இடத்தில் இடது பக்கம் நிறுத்தி டீ குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கும். நீங்கள் ஐப்பசி கடைசியில் போகிறீர்கள், பயப்பட ஒன்றும் இல்லை.

மியாவதி_மச்சான்:
தலைப்பு மோல்மேன் ரோடுதான், தெரியும், இருந்தாலும் எங்கள் ரோட்டையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தட்டோனில் கிழக்கே பிரிந்து பா-அன், எயின்டு, கோக்கரே, மியாவதி. கோக்கரேக்கும் மியாவதிக்கும் நடுவில் டோனா மலை. அந்த மலை ரோட்டில் ஒரு வண்டி போகத்தான் இடம். அதனால் இன்றைக்கு எல்லோரும் மேலே போக வேண்டும், நாளைக்கு எல்லோரும் கீழே வர வேண்டும் என்று நாள் வைத்திருந்தார்கள். மாமியார் வீட்டுக்கு ஒற்றை நாளில் போய்விட்டு இரட்டை நாளில்தான் திரும்ப முடியும், நடுவில் சண்டை வந்தாலும் அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும். தாய்லாந்துக்காரர்கள் மலையைச் சுற்றிப் புது ரோடு போட்டு 2015 ஆகஸ்டில் திறந்தார்கள், மூன்று மணி நேரம் முக்கால் மணி நேரமானது. மாமியாருக்குத்தான் வருத்தம். எயின்டு முதல் கோக்கரே வரை 66 கிலோமீட்டரை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் போட்டார்கள், 10 கோடி டாலர். சண்டையால் இப்போது அந்தப் பக்கம் எப்போது திறந்திருக்கும், எப்போது மூடியிருக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. நல்ல ரோடு, போக முடியாத ரோடு.

ரோட்டு_எஞ்சினியர்:
அதே வங்கி பெகுவிலிருந்து சைத்தோ வரை 64 கிலோமீட்டருக்கு முற்றிலும் புதிய பாதை போட 48 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது, நடுவில் சித்தாங்குக்கு ஜப்பான் கடனில் புதுப் பாலம். பயாஜியும் வாவும் வழியிலேயே வராது, நேர்க்கோடு. ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரிக்குப் பிறகு வங்கி பணத்தை நிறுத்திவிட்டது. வந்திருந்தால் மாமாவின் அலையிலிருந்து விடுதலை.

லாரிக்கார_மாமா:
வா ஊர் டீக்கடையிலிருந்தும் விடுதலை. எனக்கு அந்த விடுதலை வேண்டாம். அலையோடு போய்க்கொள்கிறேன்.

மோல்மேன்_மருமகள்:
உங்களுக்கு டீக்கடை, எங்களுக்கு இடுப்பு. புதுப் பாதையே வரட்டும்.

பெகு_பேரன்:
போய்விட்டு வந்தோம். எல்லோருக்கும் நன்றி, எழுதாவிட்டால் நன்றாக இருக்காது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி மதியம் இரண்டே காலுக்கு மோல்மேன் சேர்ந்தோம். பயாஜிக்கும் சித்தாங்குக்கும் நடுவில் மாமா சொன்ன 30 மைலைத் தாண்டவே இல்லை, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். முன் சீட்டில் மச்சான், பின்னால் அம்மா, இரண்டு தலையணை, ஒரு சுருட்டின கம்பளி. சித்தாங் பாலத்தில் ஊர்ந்து ஏறியும் ஒரு தட்டு விழுந்தது, அம்மா "முருகா" என்றார், அவ்வளவுதான். வா தாண்டி ஒரு இடத்தில் ரோட்டோரம் தார் டிரம் புகைந்துகொண்டிருந்தது, நாலைந்து பெண்கள் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள், ஒற்றை வழி விட்டதால் அங்கே இருபது நிமிடம் நின்றோம். அம்மா கண்ணாடியை இறக்கி அவர்களிடம் பர்மியத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். அதில் ஒரு பெண் தமிழ். தலையில் கூடையோடு நின்றபடியே அம்மாவிடம் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தது. அம்மா கல்யாணத்துக்குக் கட்டி வைத்திருந்த அதிரசத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

சைத்தோவில் அக்கா சொன்ன மாதிரி நிறுத்தினோம். கைப்பிடி இருந்தது. பிலினுக்கும் தட்டோனுக்கும் நடுவில் அம்மா குறட்டை விட்டுத் தூங்கினார், மாமாவின் நல்ல துண்டு உண்மையிலேயே நல்ல துண்டு. செக்போஸ்ட் எத்தனை என்று எண்ணவில்லை, எண்ணினால் எரிச்சல்தான் வரும்.

தட்டோன் தம்பி வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்ததால் இறங்கினோம். அந்த இரண்டு படிக்கட்டை நேரில் பார்த்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் வீட்டு ஜன்னலின் மேல் பாதிதான் தெரிகிறது. அம்மாவுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், பெரியப்பா ஓடி வந்து கையைப் பிடித்து இறக்கினார். பலகை வைக்கிற காடியைச் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார், சினிமாத் திரை மாதிரி மேலேயும் கீழேயும் தள்ளலாம், ரொம்பப் பெருமையாகக் காட்டினார்.

திரும்பும்போது தன்பியூசயா போகவில்லை ஐயா, அம்மாவுக்கு முடியவில்லை. அடுத்த தடவை என்று சொல்லியிருக்கிறேன்.

தட்டோன்_தமிழன்:
அண்ணே, நீங்கள் போன மறுவாரமே வீட்டுக்கு எதிரில் இரண்டு லாரி ஜல்லி கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், மேலே இன்னொரு பூச்சு போடப் போகிறார்களாம். பெரியப்பா காலையிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை வைத்து ரோட்டையும் வாசலையும் மாறி மாறி அளந்துகொண்டிருக்கிறார். மூன்றாவது படிக்கு எத்தனை செங்கல் ஆகும் என்று கேட்கிறார், எஞ்சினியர் அண்ணன் யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

ரோட்டு_எஞ்சினியர்:
படி எவ்வளவு அகலம் என்று கேட்டுச் சொல்.

தட்டோன்_தமிழன்:
மூன்றடி. பலகைக் காடியையும் இன்னும் ஒரு சாண் மேலே வெட்ட வேண்டுமாம்.